ஆளில்லாத கிருமி

"ஐயா, உங்க உடம்புல மொத்தம் பன்னெண்டு வகைக் கிருமி இருக்கு. பதினொண்ணுக்கு ஆள் கெடச்சாச்சு. ஒண்ணுக்குத்தான் ஆள் இல்ல" என்றார் டாக்டர் ரெஹானா.

பொங்கியண்ணனுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, முப்பத்திரண்டு வருடம் போர்வெல் வண்டியில் ஊர் ஊராகப் போய்த் தரையைத் துளைத்தவர் அவர். பூமிக்குள் என்ன இருக்கிறது என்று மிஷின் வைத்துப் பார்த்துச் சொன்ன கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கைகாட்டிய இடத்தில் முக்கால்வாசி புழுதிதான் பறந்தது. இப்போது அதே மாதிரி ஒரு மிஷினை மேஜைமேல் வைத்துக்கொண்டு, தன் தொண்டைக்குள் என்ன இருக்கிறது என்று இந்த அம்மா சொல்வதை அவர் ஏன் நம்ப வேண்டும்?

"கிருமிக்கு எதுக்குங் ஆளு? அதென்ன ஆட்டுக்குட்டியா, எவனுதுன்னு காதுல அடையாளம் பாக்கறதுக்கு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாந்தாமணி அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். கட்டிய பெண்டாட்டி. தன் கிட்னியில் ஒன்றை அவருக்குக் கொடுக்கப் போகிறவளும் அவள்தான். "சித்த சும்மா இருங். டாக்டரம்மா சொல்லி முடிக்கட்டும்."

டாக்டர் சிரித்தார். சின்ன வயது. ஆனால் பொறுமை இருந்தது.

"உடம்புக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான் ஐயா. உங்க வீட்டம்மா கிட்னியை உள்ள வெச்சா, அது வெளியாளுன்னு அடிச்சு விரட்டுவான். அதனால அவனுக்கு மருந்து குடுத்துத் தூங்க வெக்கணும். அவன் தூங்கும்போது கிருமி புகுந்துரும். புகாம இருக்கத்தான் ஆன்டிபயாடிக்."

"அதான் எல்லா மெடிக்கல்லயும் விக்குதேங்."

"அது வேலை செய்யாது. எங்க அப்பா காலத்துல எல்லாருக்கும் ஒரே மருந்து குடுத்தாங்க. சளிக்கும் குடுத்தாங்க, பண்ணைக் கோழிக்கும் குடுத்தாங்க. கிருமிக்கெல்லாம் அது சோறு மாதிரி பழகிப்போச்சு. இப்ப ஆளுக்கு ஒரு மருந்தாக் காய்ச்சுறோம். உங்ககிட்ட எந்தக் கிருமி வரப்போகுதோ அதுக்கு மட்டும்."

"என்ற தொண்டையிலதான் இருக்குதுங்கறீங்களே. எடுத்துக் காய்ச்சுங்."

"உங்க தொண்டையில இருக்கறது நேத்து வந்தது. அதை உங்களுக்குக் குடுத்த ஆளோட தொண்டையில இருக்கறது நாளைக்கு வரப்போறது. கிருமி மாறிக்கிட்டே இருக்கும். எனக்கு நாளைக்கு வர்றதுதான் வேணும்."

இந்த ஒரு பேச்சு மட்டும் சரியாகத்தான் பட்டது. அதனாலேயே பொங்கியண்ணனுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி ஆபரேஷன். அதற்குள் பன்னிரண்டாவது கிருமிக்கு ஆள் வந்து தொண்டையைத் திறந்து காட்ட வேண்டும். வராவிட்டால் ஆபரேஷனுக்கு அனுமதி தரும் ஆஸ்பத்திரிக் கமிட்டி கையெழுத்துப் போடாது. கதவு ஒன்று திறந்து கிடக்கும்போது காவல்காரனைத் தூங்க வைக்க எந்த டாக்டரும் துணிய மாட்டார். டயாலிசிஸுக்கு ஊசி குத்தும் ரத்தக்குழாயோ அவருக்கு இடது கையில் இரண்டு முறை, வலது கையில் ஒரு முறை அடைத்தாயிற்று. இன்னொரு முறை அடைத்தால் குத்த இடம் இல்லை.

"இந்தக் கிருமி காத்துல வராது, கையில ஒட்டி வராது" என்றார் டாக்டர். "எச்சில்ல மட்டும்தான் வரும். ஒரு நாள் ரெண்டு நாள்ல இவ்வளவு சேராது. ரொம்ப காலமா, தினமும், ஒரே பாத்திரத்துல வாய் வெச்சிருக்கணும்."

சாந்தாமணி மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"நான் சொம்புத் தண்ணியக் கூட அண்ணாந்துதானுங் குடிப்பேன்" என்றார் பொங்கியண்ணன். "ஊரையே கேட்டுப் பாருங்."

"ஊர் உங்க தொண்டைக்குள்ள வந்து பாக்கலையேங்க ஐயா."

வீட்டுக்குத் திரும்ப பஸ் ஏறினார்கள். டிரைவர் இல்லாத பஸ். அதை நம்பாமல் பொங்கியண்ணன் எப்போதும் முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருவார்.

"யாருங் அவ?" என்றாள் சாந்தாமணி.

"எவளும் இல்ல."

"நான் சண்டை போடல. அட்ரஸ் சொன்னாப் போதும். நானே பஞ்சுக்குச்சி எடுத்துட்டுப் போயி அவ வாயைத் தொறக்க வெச்சு எடுத்துட்டு வந்தர்றேன்."

"எவளும் இல்லைன்னு சொல்றன்ல?"

உண்மையில் எவளும் இல்லை. டாக்டர் கேட்ட நிமிடமே பொங்கியண்ணனுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. மாதேசு.

போர்வெல் வண்டியில் இருபத்தெட்டு வருடக் கூட்டாளி. ஊருக்குள் தெற்கு வளவுக்காரன், ஊர் ஒதுக்கிவைத்த தெரு. பஸ் தானாக ஓடுகிறது, மருந்தை ஆளுக்கு ஒன்றாகக் காய்ச்சுகிறார்கள், ஆனால் தெற்கு வளவு மட்டும் தெற்கு வளவாகவே இருக்கிறது. மாதேசு பொங்கியண்ணன் வீட்டுக்கு வந்தால் கேட்டுக்கு வெளியே நின்று "ஏனுங்" என்பான். அவனுக்கென்று ஒரு டம்ளர் மாட்டுக்கொட்டகைக் கம்பத்தில் தொங்கும். வண்டி ஏறி ஊர் எல்லை தாண்டினால் "டேய் பொங்கி" என்பான். தெலங்கானா வெயிலிலும் சத்தீஸ்கர் காட்டிலும் இரண்டு பேரும் ஒரே தட்டில் சோறு தின்றவர்கள். எது வரைக்கும் எப்படி என்பது இருவருக்கும் அத்துப்படி. அதனால் ஒரு சங்கடமும் வந்ததில்லை.

கிட்னி போன பிறகு டீயில் வந்தது வினை. நாள் முழுவதற்கும் முக்கால் லிட்டருக்கு மேல் பொங்கியண்ணன் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, பைபாஸ் ரோட்டில் ஊர்க்காரன் யாரும் வராத டீக்கடையில் மாதேசுவோடு உட்காருவார். அரை கிளாஸ்தான் குடிக்கலாம். முதல் நாள் கடைக்காரர் அரை கிளாஸை நீட்டியதும், "இது டீயா, சொட்டு மருந்தா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாதேசு யோசித்தான். முழு கிளாஸ் ஒன்று வாங்கி அவர் மூக்குக்கு நேராகக் காட்டிவிட்டு, மேல் பாதியை மடமடவென்று தான் குடித்துவிட்டு மீதியை நீட்டினான்.

"நெறைய வந்ததைக் கண்ணுல பாத்தாச்சு. மணமும் புடிச்சாச்சு. இப்பக் குடி."

குடித்தார். இரண்டு வருடமாகக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

இதை எப்படிச் சொல்வது? சின்னவீடு என்று சொன்னால் ஊர் சிரிக்கும். மாதேசு என்று சொன்னால் ஊர் சிரிக்காது.

மறுநாள் சாந்தாமணியின் அண்ணன் காளியப்பன் வந்தார். கோயில் நிர்வாகம் அவர் கையில். ஊரில் எந்தப் பஞ்சாயத்துக்கும் நடுவில் போடும் நாற்காலி அவருடையது. ராத்திரிச் சாப்பாடு தினமும் தங்கை வீட்டில்தான் என்பதால் பதினொன்றில் அவர் கிருமியும் சேர்ந்திருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"மாப்ள, ஆம்பளைன்னா அப்படி இப்படி இருக்கறதுதான்" என்று குரலைத் தாழ்த்தினார். "யாருன்னு சொல்லுங். பேசி முடிக்கறது என்ற பொறுப்பு."

"ஒண்ணும் இல்லீங் மச்சான்."

"அட, உசுரை விடப் பெருசா? வெளியூரா? நான் வேணா டவுன்ல இருந்து வக்கீலைக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்கப் பொங்கியண்ணனுக்கு ஏதாவது ஒரு பெண் பேரைச் சொல்லிவிடலாமா என்றே தோன்றியது.

அன்று டீக்கடையில் மாதேசுவிடம் விஷயத்தைச் சொன்னார். மாதேசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ற எச்சி இல்லாம உனக்கு ஆபரேஷன் இல்லையா? டேய் பொங்கி, இதை முன்னாடியே சொல்லியிருந்தா பாட்டில்ல புடிச்சு வித்திருப்பனே."

"வெளையாடாத. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து வாயைத் தொறந்து காட்டிட்டுப் போ. வண்டியில வேலை செஞ்சவன்னு எழுதிக்கறேன்."

"எழுதிக்க. வேலை செஞ்சவன் எச்சி உன்ற தொண்டைக்குள்ள எப்படி எறங்குச்சுன்னு அந்தம்மா கேப்பாங்க. நீ என்ன சொல்லுவ?"

பொங்கியண்ணன் கிளாஸைப் பார்த்தார்.

"அது இருக்கட்டும்" என்றான் மாதேசு. சிரிப்பு போயிருந்தது. "மருந்துல சேர்ந்த ஆளுக மட்டும்தான் ஆபரேஷனுக்கு அப்பறம் தொண்ணூறு நாளைக்கு உன்ற பக்கத்துல வரலாம்னு சொன்ன. நானும் அதுல ஒருத்தன். நான் எங்க உக்காருவேன்?"

"எங்கன்னா?"

"மாட்டுக்கொட்டகையிலயா, கேட்டுக்கு வெளியவா? கேட்டுக்கு வெளியன்னா நீ இப்பவே சொல்லிப்போடு. நான் வர மாட்டேன். வண்டி காலத்துலயே கேட்டிருக்கோணும். அப்பக் கேக்கல. இப்பக் கேக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பாறை எத்தனை அடியில் தட்டும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான். பொங்கியண்ணன் துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டார். மாதேசு டீக்குக் காசு கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் போன பிறகு பொங்கியண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. படித்தவனுக்கு வராத யோசனை. கடைக்காரரிடம் பேசி அந்த கிளாஸைக் கழுவாமல் அப்படியே வாங்கி, துண்டில் சுற்றி, மறுநாள் சாந்தாமணிக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்தார்.

"ஆளு இதுக்குள்ள இருக்காரு. எடுத்துக்குங்."

டாக்டர் கிளாஸையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மிஷினில் வைத்தார். ஐந்து நிமிடம் ஆனது.

"இதுல ரெண்டு பேர் இருக்காங்க ஐயா. ரெண்டாவதா வாய் வெச்சது நீங்க. உங்களுதுதான் மேல மேல இருக்கு."

"கீழ பாருங். அடியில இருப்பாரு."

"இருக்கார். அவரேதான் பன்னெண்டாவது ஆள்." டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆனா இவ்வளவு வெச்சு மருந்து காய்ச்ச முடியாது. தவிர, வாரா வாரம் சாம்பிள் வேணும். கிளாஸ் வாரா வாரம் வருமா? கிளாஸ் கையெழுத்துப் போடுமா?"

வீட்டுக்கு வந்தால் சாந்தாமணி கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் போன் செய்திருந்தார். இந்தக் காலத்து ஆஸ்பத்திரியில் ரகசியம் ஏது?

"டீ கிளாஸா?" என்றாள். "ரெண்டு வருசமா டீயா குடிச்சீங்க? உப்பைக் கொறச்சு, தண்ணியை அளந்து வெச்சு, நான் இங்க உசுரைக் குடுத்துட்டு இருக்கேன். நீங்க அங்க டீ?"

"அரை கிளாஸ்தான் சாந்தா. மேல் பாதி அவன் குடிச்சுருவான்."

"எவன்?"

சொல்ல வேண்டியதாயிற்று. மாட்டுக்கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். டீ, கிளாஸ், தெலங்கானா, தட்டு, கடைசியாக மாதேசு கேட்ட கேள்வி.

சாந்தாமணி கொட்டகைக் கம்பத்தில் தொங்கிய டம்ளரைப் பார்த்தாள். பிறகு, "எங்க உக்காருவேன்னு கேட்டாரா?" என்றாள். அவள் வாயில் மாதேசுவுக்கு 'ர்' விகுதி வந்ததைப் பொங்கியண்ணன் கவனித்தார்.

"நெசமாலுமே கேட்டான்."

"நியாயந்தான? எம் புருசனுக்கு ரெண்டு வருசம் டீயில பாதியக் குடிச்சு உசுரைக் காப்பாத்துன ஆளு. ஹால்ல, கட்டிலுக்குப் பக்கத்துல, ஒரு சேர் போட்டர்றேன்."

"உங்கண்ணன்?"

"எங்கண்ணனா கிட்னி குடுக்கறாரு? கிட்னி என்னுது. அது போயி இருக்கற எடத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாதுன்னு நாந்தான் சொல்லோணும்."

பொங்கியண்ணன், இருட்டின பிறகு போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்றார். சாந்தாமணி கேட்கவில்லை. கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு சீப்பு பழம் எடுத்து வைத்தாள். பகல் பதினொரு மணிக்கு, ஊரே பார்க்க, கோயில் முன்னால், கடை முன்னால், காளியப்பன் வீட்டு முன்னால், தெற்கு வளவுக்கு இரண்டு பேரும் நடந்து போனார்கள். பொங்கியண்ணன் எண்ணூறு அடி ஆழம் போட்டிருக்கிறார். அந்த இருநூறு அடி நடைக்குத்தான் அவருக்கு மூச்சு வாங்கியது.

மாதேசு லுங்கியோடு வெளியே வந்தான். தட்டைப் பார்த்ததும் அவசரமாக உள்ளே ஓடி வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். அவன் பெண்டாட்டி கோவிந்தம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பொங்கியண்ணன் வாங்கினார். பழக்கத்தில் தலை பின்னால் சாய்ந்தது. பாதியில் நிறுத்தி, வாய் வைத்துக் குடித்தார்.

"பாத்துக் குடிங்" என்றான் மாதேசு. "அது கோவிந்தம்மா சொம்பு. கிருமி பதிமூணாயிரும்."

எல்லோருமே சிரித்துவிட்டார்கள்.

"வர்றேன்" என்றான் மாதேசு பிறகு. "முன் கேட்டு வழியாத்தான் வருவேன். பின்னாடி சந்து வழியா வர மாட்டேன்."

"பின்னாடி சந்துல சாக்கடை ஒடஞ்சு கெடக்குது. நானே அதுல போறதில்ல" என்றாள் சாந்தாமணி.

சாயங்காலமே காளியப்பன் வந்துவிட்டார். உள்ளே வரவில்லை.

"என்ற கிருமியை எடுத்தர்ச் சொல்லுங்" என்று கேட்டில் நின்றே சத்தம் போட்டார். "அவனுதும் என்னுதும் ஒரே மருந்துக்குள்ளயா? கம்ப்யூட்டர்ல என்ற பேரே இருக்கக் கூடாது."

சாந்தாமணி டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"தாராளமா எடுத்துடலாம் சார்" என்றார் டாக்டர். "சட்டப்படி உங்க சாம்பிளை அழிச்சுடறோம். அப்புறம் தொண்ணூறு நாள் நீங்க அந்தக் கேட்டுக்குள்ள வரக்கூடாது. பத்தடி தள்ளி, வெளியதான். பட்டியல்ல இருக்கறவங்களோட பாத்திரத்தைத் தொடக்கூடாது. உங்களுக்குன்னு தனி டம்ளர் வெச்சுக்குங்க."

காளியப்பன் கேட்டை விட்டு ஓர் எட்டுப் பின்னால் வைத்தார். பெரிய மனிதர் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

ஒன்பதாம் தேதி ஆபரேஷன் நடந்தது. புதுக் கிட்னி உள்ளே போன அரை மணி நேரத்தில் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். பொங்கியண்ணன் நம்பவில்லை. மூத்திரப் பையைக் கொண்டுவந்து கண்ணெதிரே காட்டச் சொல்லி, பார்த்த பிறகுதான் நம்பினார். "அடேயப்பா, நாலு இஞ்சு தண்ணி" என்றார். போர்வெல்காரர்கள் நல்ல ஊற்றுக்குச் சொல்லும் கணக்கு அது. வயிற்றில் பெல்ட் மாதிரி ஒரு சின்ன டப்பாவைக் கட்டிவிட்டார்கள். ஆள் மருந்து அதிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகு வேடிக்கை ஆரம்பித்தது. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வராவிட்டால் அந்த ஊரில் அது பெரிய குற்றம். ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக உறவுக்காரர்கள் வந்தார்கள். யாரையும் கேட்டுக்குள் விடவில்லை. வந்தவர்கள் போகவும் மனமில்லாமல் ஒரு ஷாமியானா கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தெருவிலேயே உட்கார்ந்தார்கள். நடு நாற்காலியில் காளியப்பன். அவருக்கென்று ஒரு டம்ளர் கேட்டுக் கம்பியில் தொங்கியது. உள்ளே, ஹாலில், கட்டிலுக்குப் பக்கத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, மாதேசு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏனுங் மாதேசு, மாப்ள சாப்பிட்டாரா?" என்று வெளியிலிருந்து கேட்பார்கள். ஒரு பயலும் அவனை அதுவரை 'ஏனுங்' என்று கூப்பிட்டதில்லை. சேதி வேண்டுமென்றால் அவனைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"சாப்பிட்டாருங். ரெண்டு இட்லி. மூணாவது இட்லிக்கு அம்மிணி ஒத்துக்கல" என்பான் மாதேசு, வானொலிச் செய்தி மாதிரி.

நாற்பதாம் நாள் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. நாற்பத்தொன்றாம் நாள் காலையில் பொங்கியண்ணனுக்குக் குளிர் எடுத்தது. ஒன்பது மணிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டர் ரெஹானா மிஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பட்டியலில் இருந்த எல்லோரிடமும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், மாதேசுவின் சாம்பிளில் நின்றுவிட்டார்.

"உங்க தொண்டையில புதுசா ஒண்ணு இருக்கு. அதேதான் உங்ககிட்ட இருந்து ஐயாவுக்கும் போயிருக்கு. பட்டியல்ல இருக்கற யாரோடதும் இல்ல இது." அவர் குரலில் பொறுமை இல்லை. "வெளியாள் யாரோடயோ ஒரே பாத்திரத்துல குடிச்சிருக்கீங்க. யாரு? ஆள் தெரிஞ்சா ஆறு மணி நேரத்துல மருந்து காய்ச்சிடலாம். தெரியலைன்னா கிட்னியைக் காப்பாத்த முடியுமான்னு என்னால சொல்ல முடியாது."

சாந்தாமணியின் கை தானாகப் போய்த் தன் இடுப்புத் தழும்பைத் தொட்டது.

மாதேசு சேரை விட்டு எழுந்தான். கட்டிலில் நடுங்கிக்கொண்டிருந்த பொங்கியண்ணனைப் பார்த்தான். பிறகு ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தான்.

"தப்பு என்னுதுங். ஆளையும் எனக்குத் தெரியுமுங். இப்பவே சொல்லிப்போடுவேன்" என்றான், ஷாமியானா வரைக்கும் கேட்கிற குரலில். "ஆனா அவரு வாயால அவரே சொன்னா நல்லா இருக்குமுங். அவருக்கு மானம் ரொம்ப முக்கியம். ஒரே ஒரு நிமிசம் பாக்கறேன். இல்லைன்னா நான் சொல்லிருவேன்."

வெளியே ஏழு நாற்காலியில் ஏழு பேர். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாருடா அது?" என்று ஒரு குரல் கேட்டது. "தெக்கு வளவுல எவனாவது இருப்பான்" என்றது இன்னொன்று.

நடு நாற்காலி கிரீச்சென்றது.

"என்னுதுங் அது" என்றார் காளியப்பன்.

யாருக்கும் புரியவில்லை. அவர் எழுந்து நின்றார். கழுத்தில் எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் பட்டை. அதனால் யாரையும் திரும்பிப் பார்க்க முடியாமல் கேட்டை நேராகப் பார்த்தே பேசினார்.

"பத்து நாளா. மத்தியானம் இவங்கெல்லாம் சோத்துக்குப் போனதும் அவன் மோர் கொண்டாந்து இந்த டம்ளர்ல ஊத்துவான். ஊத்திட்டுச் சித்த நேரம் நின்னு பேசுவான். தெலங்கானாக் கதையெல்லாம் சொல்லுவான். நல்லாச் சொல்றானுங். ஒரு நாள் நல்ல வெயில், அவனுக்கும் தாகம். நாந்தான் பாதி குடிச்சுட்டு இந்தான்னு நீட்டுனேன். கூடாதுங்கன்னுதான் சொன்னான். ஏண்டா, என்ற எச்சின்னா உனக்கு எளப்பமான்னு கேட்டேன். வாங்கிக் குடிச்சான். மறுநாள் அவன் பாதி குடிச்சுட்டு நீட்டுனான். என்ற கழுத்துக்கு அண்ணாந்து குடிக்க முடியாது, வாய் வெச்சுத்தான் குடிச்சேன். அப்பறம் தினமும் அப்படித்தான். வெளிய சொல்லிப்போடாதன்னு கையைப் புடிச்சுக் கேட்டதும் நாந்தான்."

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். "ஏனுங் டாக்டரம்மா, இது காத்துல வந்துச்சுன்னு எழுதிக்க முடியாதுங்களா?"

"முடியாது சார்."

"செரி. எச்சின்னே எழுதிக்குங்."

அவரே கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். முற்றத்து வேப்பமரத்தடியில் நின்று வாயைத் திறந்தார். டாக்டர் திட்டிக்கொண்டே பஞ்சுக்குச்சியை விட்டார். மாதேசு பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் தொறங்க, பஞ்சாயத்துல தொறக்கற அளவுக்கு" என்றான். தொண்டைக்குள் குச்சியோடு காளியப்பனால் பதில் சொல்ல முடியவில்லை. கண்ணால் மட்டும் முறைத்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் புது மருந்து வந்து டப்பாவில் ஏறியது. ஏழு மணிக்குப் பொங்கியண்ணனுக்கு வேர்த்து விட்டது. சாந்தாமணி நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, நம்பாமல் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டே அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள். மூத்திரம் குறையவில்லை, கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு மட்டும் பொங்கியண்ணன் பையைக் காட்டச் சொல்லவில்லை.

"அந்த மோருல உப்பு போட்டிருந்துச்சாங் மச்சான்?" என்று மட்டும் ஏக்கத்தோடு கேட்டார்.

"உப்பு, இஞ்சி, கருவேப்பிலை" என்றார் காளியப்பன்.

டாக்டர் மிஷினை மூடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஷாமியானாவில் பாதி நாற்காலி காலி. காளியப்பன் எச்சில் கதையைக் கேட்ட கையோடு மூன்று பேர் முகத்தைச் சுளித்து எழுந்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயிருந்தார்கள். அதில் ஒருவர் கொண்டுவந்த ஆர்லிக்ஸ் பாட்டிலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். மிச்சம் மூன்று பேர் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவர்களுக்கே சரியாகத் தெரியாத மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் கார் கதவைத் திறக்கும்போது அதில் ஒருவர் மெல்ல எழுந்து வந்தார். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தொண்டையைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"ஏனுங் டாக்டரம்மா, அந்தக் குச்சி ரொம்ப வலிக்குமுங்களா?"